கரிசாலைத் தைலத்தை வெறும் தேங்காய் எண்ணெயோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

மகள் பிறந்த நான்காம் மாதத்தில் சீப்பு நிறைய முடி வந்தபோது, அம்மா கரிசாலை எனப்படும் கரிசலாங்கண்ணியின் சாறும் செம்பருத்தியும் சேர்த்துத் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். ஓராண்டுக்குள் முடி பழையபடி அடர்ந்தது. பெருமை முழுவதும் அந்த எண்ணெய்க்கே போயிற்று. பேறுகாலத்துக்குப் பின் கொட்டும் முடி பெரும்பாலும் ஓராண்டுக்குள் தானாகவே மீண்டுவிடும் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். எண்ணெய் பயன்படவில்லை என்று நான் சொல்லவில்லை. பயன்பட்டதா என்பதற்கு என் ஒரு தலை சாட்சியாகாது.

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று குப்பிகளில் அச்சிடுகிறார்களே, அந்த ஆய்வுகளையும் பார்க்க வேண்டும். செம்பருத்தியைப் பற்றி 2003இல் வெளியான ஆய்வு சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் (லெதர்) ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. அதில் பூவின் சாரத்தைவிட இலையின் சாரமே கூடுதலாக முடியை வளர்த்தது. (விளம்பரங்களில் என்னவோ பூவுக்குத்தான் இடம்.) ஆனால் அது பெட்ரோலியம் ஈதர் என்ற கரைப்பானில் பிரித்தெடுத்த சாரம், நாம் அடுப்பில் காய்ச்சும் தைலம் அன்று. வளர்ந்ததும் எலியின் முடி. மழித்த எலிக்கு முடி எப்படியும் முளைக்கும், சாரம் அதை விரைவுபடுத்துகிறதா என்பதே அங்கு கேள்வி. ஆண்களுக்கு ஹார்மோனாலும் மரபாலும் நெற்றி ஏறும் வழுக்கையோ வேறு கதை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் உண்டு. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் புழுவெட்டு (தலையில் திட்டுத் திட்டாக முடி கொட்டுவது) உள்ள 38 பேரை எடுத்துக்கொண்டு, 23 பேருக்கு வெங்காயச் சாறும் மற்றவர்களுக்குக் குழாய்த் தண்ணீரும் தடவச் சொன்னார்கள். ஆறு வாரத்தில் சாறு தடவியவர்களில் 20 பேருக்கு முடி முளைத்தது. நம் வீடுகளில் சின்ன வெங்காயம் தேய்ப்பவர்களுக்கு இது மகிழ்ச்சியளிக்கும். ஆயினும் புழுவெட்டு பலருக்குத் தானே ஆறக்கூடியது. தம் தலையில் இருப்பது வெங்காயமா தண்ணீரா என்பதையும் மூக்கே சொல்லிவிடும். 2015இல் ஈரானில் 100 பேரிடம் ரோஸ்மேரி எண்ணெயை, முடி வளரத் தடவும் மருந்தான மினாக்சிடிலோடு (2 சதவீதம்) ஒப்பிட்டபோது, மூன்றாம் மாதம் இரண்டிலும் பலனில்லை. ஆறாம் மாதம் இரண்டிலும் முடி சிறிது கூடியது. மருந்தில்லாத எண்ணெய் தடவிய மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் அந்த முடிவுக்கு எவ்வளவோ வலு வந்திருக்கும்.

நம் தைலத்துக்கும் அதுவே பொருந்தும். தேங்காய் எண்ணெய் முடியினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதால் முடி உடைவது குறைகிறது. உடையாத முடி அடர்த்தியாகத் தெரிவதை, புதிதாய் முளைத்ததாக எண்ணிக்கொள்கிறோம். ஆகவே கரிசாலைத் தைலத்தின் எதிரில் நிறுத்த வேண்டியது, அதே நிறமும் மணமும் ஊட்டிய வெறும் தேங்காய் எண்ணெயை. வெள்ளைப் பூக் கரிசாலையும் மஞ்சள் பூக் கரிசாலையும் வெவ்வேறு செடிகள் என்பதால், எது காய்ச்சப்பட்டது என்பதும் பதிவாக வேண்டும். உச்சந்தலையில் ஓரிடத்தைக் குறித்துவைத்து, அங்குள்ள முடிகளைத் தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று அறியாத ஒருவர் எண்ண வேண்டும். தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் இதற்கு மருத்துவர்களும் இருக்கிறார்கள், நோயாளிகளும் வருகிறார்கள். எண்ணெய் விற்பவர்களின் பணம் இல்லாமல் இது நடந்து, தோற்றாலும் முடிவு வெளியாகும் என்றால், என் தலையைக் கொடுக்க நான் தயார்.