கொரில்லா பார்க்கப் போகிறவர்கள் முதலில் சளியைப் பற்றி யோசியுங்கள்

உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் கொரில்லா பார்க்க நம் ஊரிலிருந்தும் ஆட்கள் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் "எவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அங்கேதான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான். 2019இல் வெளியான கணக்குப்படி 1,063. உகாண்டாவின் புவிண்டி காட்டையும் மூன்று நாடுகள் சந்திக்கும் விருங்கா எரிமலைகளையும் விட்டால் வேறெங்கும் இல்லை, மிருகக்காட்சி சாலைகளில்கூட. நம்மைப் பிடிக்கிற சளி, காய்ச்சல் அவற்றையும் பிடிக்கும். 2009இல் ருவாண்டாவில் ஒரு கூட்டத்துக்கு மனிதர்களிடமிருந்து வந்த சுவாச வைரஸ் பரவி, வளர்ந்த பெண் கொரில்லா ஒன்றும் ஒரு குட்டியும் இறந்துபோயின. 1996இல் புவிண்டியில் சொறிநோய் பரவி ஒரு குட்டி செத்தது. அதுவும் மனிதர்களிடமிருந்து தொற்றியதாகவே கருதப்படுகிறது. அப்போது சிகிச்சை கொடுத்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா சிகுசோகா, பின்னாளில் காட்டை ஒட்டிய கிராம மக்களின் உடல்நலத்தையும் சேர்த்தே கவனிக்கும் அமைப்பைத் தொடங்கினார். மக்கள் நோயில்லாமல் இருந்தால்தான் கொரில்லாவும் பிழைக்கும் என்பதை அவர் கண்ணெதிரே பார்த்தவர்.

அதனால் பயணத் திட்டத்தை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விமானத்தில் வந்திறங்கி, விடிய விடிய வண்டியில் போய், மறுநாள் காலையிலேயே மலையேறுகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். இடையில் ஒரு நாளாவது ஓய்வு வையுங்கள். தொண்டை கரகரத்தால் அதைக் காலையிலேயே ரேஞ்சரிடம் சொல்லிவிடுங்கள். ருவாண்டாவில் பெர்மிட் 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். இவ்வளவு கட்டிவிட்டு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது, தெரியும். மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அது குற்றம் என்றே நான் சொல்வேன்.

விதிகள் கறாரானவை. ஒரு கொரில்லாக் கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முன்பு 7 மீட்டர் தள்ளி நின்றால் போதும், கோவிட்டுக்குப் பிறகு 10 மீட்டர், முகக்கவசமும் உண்டு. ஆனால் இன்ஸ்டாகிராமில் மக்கள் போட்ட படங்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலானவர்கள் 4 மீட்டருக்குள்தான் நின்றிருந்தார்கள் என்று கண்டார்கள். குட்டி ஆர்வத்தில் நம் பக்கம் வரும். அப்போது பின்வாங்க வேண்டியது நாம்தான். வழிகாட்டிக்கு டிப்ஸ் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் இன்னும் கொஞ்சம் கிட்டக் கூட்டிப்போகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அந்த வேலையை நம்பி அவர் வீட்டில் அடுப்பெரிகிறது.

பாதுகாப்பு என்று பார்த்தால், வழிகாட்டி சொல்வதைக் கேட்டாலே பாதி போதும். சில்வர்பேக், அதாவது முதுகு வெளுத்த பெரிய ஆண் கொரில்லா, பாய்ந்து வருகிற மாதிரி வந்தால் ஓடக்கூடாது. குனிந்து, பார்வையைத் தாழ்த்தி அப்படியே இருக்க வேண்டும். ஃப்ளாஷ் கூடாது. மற்றதெல்லாம் காடு தரும் சிரமம்: முழங்கால் வரை சேறு, கையில் பட்டால் தீயாய் எரிகிற காஞ்சொறி, காலில் ஏறுகிற எறும்பு. தோட்ட வேலைக்கான கெட்டிக் கையுறை போட்டுக்கொண்டு, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். முந்தின இரவு கொரில்லாக்கள் படுத்த இடத்திலிருந்து ஆட்கள் விடியற்காலையிலேயே தடம் பார்த்துப் போயிருப்பார்கள். அவர்கள் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்லத்தான் நாம் போகிறோம். ஒரு மணி நேரத்திலும் சேரலாம், மத்தியானமும் ஆகலாம்.

உடம்பு திடமாக இருந்தாலும் ஒரு போர்ட்டரை வைத்துக்கொள்ளுங்கள். காட்டை ஒட்டிய ஊர்களின் இளைஞர்கள்தான் அந்த வேலைக்கு வருகிறார்கள். கொரில்லா உயிரோடு இருப்பதால் தன் வீட்டுக்கும் காசு வருகிறது என்று அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். 1991இல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது, அந்தக் காட்டிலேயே வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். நாம் கட்டுகிற பணத்தில் அவர்கள் கைக்கு என்ன போகிறது என்று முன்பதிவின்போதே பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம், உகாண்டா போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைத் திரும்பி வரும்போதும் கையில் வைத்திருங்கள், நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள்.