பெட்டியை மாற்றாமல் கம்பெனியை மாற்ற முடிந்ததா?

நேற்றிலிருந்து 17 பேர் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "டிடிஎச் போட்டி நடந்த காலம்தான் பொற்காலம், அன்று வாடிக்கையாளர்தான் ராஜா" என்று நண்பர் எழுதியிருந்தார். டிடிஎச் என்றால், கேபிள் இல்லாமல் மாடியில் டிஷ் மாட்டிச் செயற்கைக்கோளிலிருந்து நேராகச் சேனல் பார்ப்பது. அதன் கீழே நான் கேட்டது ஒரே ஒரு வரி. அந்த ராஜாவால் பெட்டியை (டிவியோடு இணைக்கிற செட்-டாப் பாக்ஸை) மாற்றாமல் கம்பெனியை மாற்ற முடிந்ததா?

அதற்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் சொன்ன பதில்தான் இப்போது சுற்றுகிறது: "கேபிள்காரர் மகன் வேறு எப்படிப் பேசுவார்?" வரிசையாகச் சிரிப்பு எமோஜி. என் கேள்விக்குத்தான் இந்த நிமிடம் வரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. சரி, கேபிள்காரர் மகனாகவே பேசுகிறேன்.

2003-இல் டிஷ் டிவி வந்தது. 2004 கடைசியில் தூர்தர்ஷனின் இலவச டிஷ். 2006-இல் டாடா ஸ்கை. அப்புறம் சன் டைரக்ட், பிக் டிவி, ஏர்டெல், வீடியோகான் என்று 2009-க்குள் ஆறு தனியார் கம்பெனிகள். ஒரு டிஷ்ஷுக்கு ஷாருக்கான், இன்னொன்றுக்கு ஆமிர்கான். டிவியைப் போட்டால் டிவி விற்கிற விளம்பரம்தான். போட்டி இல்லை என்று யார் சொன்னது? இருந்தது. உங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முதலில் துளை போடுவது யார் என்பதில் இருந்தது. துளை போட்டு, போல்ட்டை முறுக்கி, டிஷ்ஷை மாட்டிவிட்டு ஆள் இறங்கிப் போன அந்த நிமிடத்தோடு உங்களைப் பொறுத்தவரை போட்டி முடிந்தது. அதற்குப் பிறகு விலையை ஏற்றினாலும், நீங்கள் பார்க்கிற சேனலை வேறு பேக்குக்குத் தூக்கினாலும், போகவேண்டுமென்றால் புது டிஷ், புதுப் பெட்டி, மறுபடியும் மாட்டுகூலி. பழைய பெட்டி பரணுக்கு.

செல்போனில் 2011 ஜனவரியில் நாடு முழுக்க, நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனியை மாற்றும் வசதி வந்தது. போனும் அதே, நம்பரும் அதே, சிம் மட்டும் வேறு. அதற்குப் பெயர் போட்டி. பெட்டியை மாற்றாமல் கம்பெனியை மாற்ற முடியாதென்றால் அது ஆள்பிடிப்பு.

"தொழில்நுட்பம் தெரியாமல் பேசாதே" என்று ஒருவர் வருவார். ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு செயற்கைக்கோள், படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையில் ஒருவர் எம்பெக்-2, இன்னொருவர் எம்பெக்-4, காசு கட்டாதவர் பார்க்காதபடி சேனலுக்குப் போடும் பூட்டும் சாவியும் வேறு வேறு. தெரியும் சார். நான் அந்த ஒயர்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன். டிஷ்ஷைத் திருப்பி வைக்க ஒரு ஸ்பேனர் போதும். பெட்டியை என்ன செய்வது? 2001-இல் அரசு டிடிஎச் விதிமுறைகளை வெளியிட்டபோதே, ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனிக்கும் பயன்படும்படி இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. முதல் தனியார் டிஷ் நாட்டில் ஏறுவதற்கு முன்பே! அதற்காகப் பெட்டியின் பின்னால் மாட்யூல், அதாவது வேறு கம்பெனியின் பூட்டைத் திறக்கும் சாவி, செருக ஓர் இடம் வைத்தார்கள். அதில் செருகுகிற மாட்யூலை நான் ஒரு கடையிலும் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள். 2020-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எல்லாப் பெட்டிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்று மறுபடி பரிந்துரை செய்தது. 19 வருடம் கழித்து, அதே வேண்டுகோள். ராஜாவாம்.

"இப்போது யார் சார் டிவி பார்க்கிறார்கள், எல்லாம் ஓடிடி" என்பவர்களுக்கு: என் அம்மா பார்க்கிறார். அடுத்தது.

டிடிஎச் வந்ததால்தான் படம் தெளிவானது, உண்மை. மறுக்கவில்லை. கேபிளில் கடைசிச் சேனல்களில் மணல் கொட்டும். மழை பெய்தால் டிஷ்ஷிலும் ஒன்றும் வராது என்பது வேறு விஷயம்.

கோடிவீட்டு அத்தைதான் எங்கள் தெருவில் முதலில் டிஷ் போட்டது. அப்பாவின் லைனை வெட்டிவிட்டுத்தான் போட்டார், அதில் தப்பில்லை. அடுத்த ஐப்பசியில் அடித்த காற்றில் டிஷ் திரும்பிவிட்டது. கஸ்டமர் கேரில் பாட்டுக் கேட்டுக் கேட்டு மூன்று நாள் போனது. நான்காம் நாள் அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். "அண்ணாச்சி, கொஞ்சம் பாத்து விடுங்களேன்."

அப்பா 13-ஆம் நம்பர் ஸ்பேனரோடு மாடி ஏறினார். நான் கீழே ஜன்னலோரம். திரையில் இரண்டு கோடுகள் வரும். ஸ்ட்ரென்த் எப்போதும் எண்பதில் நிற்கும், அதை நம்பக்கூடாது. குவாலிட்டி என்று இன்னொன்று இருக்கும், அதுதான் விஷயம். அது சைபரில் கிடந்தது. அப்பா டிஷ்ஷை ஒரு நூல் நகர்த்துவார், நான் கத்துவேன்: "ஏறுது... ஏறுது... போச்சு!" முக்கால் மணி நேரம். மழையில் நனைந்துகொண்டு, தன் வாடிக்கையாளரைக் கொண்டுபோன கம்பெனியின் டிஷ்ஷைச் சரிசெய்துவிட்டு இறங்கினார் என் அப்பா. காசு வாங்கவில்லை. அத்தையே சொன்னார், "பேசாம உங்க லைனுக்கே வந்துரலாம்னு இருக்கு அண்ணாச்சி, ஆனா காசு குடுத்து வாங்குன பெட்டியை எங்க போட?" நான் கேட்ட அதே கேள்விதான். அத்தை கேபிள்காரர் மகள் இல்லை.

இப்போது அடுத்த குற்றச்சாட்டு. கேபிள்காரர்கள் மட்டும் யோக்கியமா? ஊருக்கு ஓர் ஆபரேட்டர், அவர் வைத்ததுதான் சட்டம், சேனல் கம்பெனிகளுக்குக் கட்டும் பணத்தைக் குறைக்க கனெக்‌ஷனைக் குறைத்துக் காட்டினார்கள். ஆமாம், காட்டினார்கள். அப்பாவும் காட்டினார். 340 வீட்டுக்குக் கொடுத்துவிட்டு 200 என்று எழுதினார். போதுமா? அந்த மிச்சப் பணத்தில் நாங்கள் பங்களா கட்டவில்லை. ஆம்ப்ளிஃபயர் வாங்கினோம், இடி விழுந்து எரிந்தது, மறுபடி வாங்கினோம்.

கேபிளையும் டிஜிட்டலாக்கச் சட்டம் வந்தது 2011-இல். பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. சென்னையில் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய் இழுத்துக்கொண்டே இருந்தது. எங்களைப் போன்ற கிராமங்களுக்கு முறை வந்தபோது 2017 மார்ச். தமிழக அரசின் சொந்த கேபிள் நிறுவனமான அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்ததோ அதற்கும் அடுத்த மாதம். அதுவரை காத்திருக்க அப்பாவால் முடியவில்லை, வாரம் ஒரு வீட்டில் டிஷ் ஏறிக்கொண்டிருந்தது. கையில் இருந்ததையும் இல்லாததையும் போட்டு ஒரு தனியார் நிறுவனத்திடம் பெட்டி எடுத்தார். அதே வருடம் அரசு கேபிள் இலவசமாகப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தது. பக்கத்து ஊரில் இலவசம், எங்கள் ஊரில் காசு. "ஏன் அண்ணாச்சி, எங்களை ஏமாத்துறீங்களா?" என்று வசூலுக்குப் போன வீட்டிலெல்லாம் கேட்டார்கள். அப்பாவால் மாறவும் முடியவில்லை. மாறினால் அத்தனை பெட்டியும் குப்பை. அத்தைக்கு ஒரு பெட்டி, அப்பாவுக்கு வீட்டுக்கு ஒன்று. பூட்டு ஒன்றுதான்.

2019-இல் டிராயின் புதுக் கட்டண முறை வந்தபோது, மாத அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயும் வரியுமாக 153 ரூபாய் 40 காசு கட்டியும் கட்டணச் சேனலுக்குத் தனிக்காசு ஏன் என்று வீடு வீடாக உட்கார்ந்து விளக்கினார். அறுபது வயதுக்கு மேல், கையில் ஒரு ஃபாரமும் பேனாவும். பெட்டி வேறு யாருடையதோ, விலை வேறு யாரோ போட்டது, திட்டு மட்டும் அப்பாவுக்கு. அடுத்த வருடமே லைனை விற்றுவிட்டார்.

நேற்று யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஸ்கிரீன்ஷாட்டை அப்பாவிடமும் காட்டியிருக்கிறான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "யாரு, அந்த வீட்டுப் பையனா? நல்லாப் படிச்ச பையனாச்சே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான்தான் பரணில் ஏறி அந்த வசூல் நோட்டை எடுத்தேன். தம்பி, உங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. 2008 அக்டோபர், நவம்பர், டிசம்பர், மாதம் 100 வீதம் 300 ரூபாய் நிற்கிறது. பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், "தங்கச்சி கல்யாணம், கேட்க வேண்டாம்." அதற்கு அடுத்த வரியில் 2009 ஜனவரி தேதி போட்டு, "கட். டிஷ் போட்டாச்சு."