அது உண்மைக்கதை இல்லை, தம்பி

‘த ஃபோல்ற் இன் அவர் ஸ்ரார்ஸ் நாவல் அப்படியே எஸ்தர் ஏர்ல் என்ற பிள்ளையின் வாழ்க்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அது சரியில்லை. எஸ்தர் 2010இல், 16 வயதில், தைரோயிட் புற்றுநோயால் இறந்தவர். எழுத்தாளர் ஜோன் கிறீன் 2012இல் வெளிவந்த நாவலை அவருக்குச் சமர்ப்பித்தது உண்மை. ஆனால் இது கற்பனை என்று புத்தகத்தின் முன்குறிப்பிலேயே எழுதிவிட்டார். நாவலின் நாயகி ஹேசல் எடுக்கிற பலாங்சிஃபோர் என்ற புற்றுநோய் மருந்துகூட அவர் இட்டுக்கட்டியதுதான், எந்தப் பாமசியிலும் கிடைக்காது. எஸ்தருக்கும் ஹேசலுக்கும் அதே புற்றுநோய், அதே ஒக்சிசன் குழாய் என்பதால் வந்த குழப்பம் இது. எஸ்தரைச் சந்திப்பதற்குக் கனகாலம் முன்பே, சிறுவர் ஆஸ்பத்திரி ஒன்றில் மதப்பணி செய்த நாட்களில் கிறீனின் மனதில் விழுந்த கதை.

நானும் ஒருகாலம் இதை வெறும் அழுகைக் கதை என்று நக்கலடித்தவன்தான். பேந்து அம்மாவோடு தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்தபோது திரும்ப வாசித்தேன். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பகிடி விடுகிற பெடியளை அங்கே பார்த்த பிறகு ஹேசலின் குத்தல் பேச்சு செயற்கையாகத் தெரியவில்லை. ஹேசலின் காதலன் ஒகஸ்டஸ் பற்றவைக்காத சிகரட்டை வாயில் வைத்துக்கொண்டு விடுகிற வசனம் மட்டும் இன்றைக்கும் எனக்கு ஓவர்தான்.