"எத்தனை ஜெயித்தார்?" என்று கேட்பவர்களுக்கு

அந்தப் பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓய்வு அறிவித்த சைக்கிள் பந்தய வீராங்கனையின் படத்தைப் போட்டு, இத்தனை வருஷம் ஓட்டியும் ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லையே, இதற்கு எதற்கு இவ்வளவு கண்ணீர் என்று கேட்டிருந்தார்கள். அதன் கீழே குவிந்த சிரிப்புக் குறிகள் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாலை சைக்கிள் பந்தயம் ஓர் அணி விளையாட்டு. பட்டியலின் உச்சியில் ஒரு பெயர்தான் வரும். அந்தப் பெயரை அங்கே கொண்டுபோய் வைப்பவர்களுக்கு டொமஸ்டிக் என்று பெயர். ஜெயிப்பது அவர்களுடைய வேலையே கிடையாது.

என்னதான் வேலை என்று கேட்கிறீர்களா? ஜெயிக்க வேண்டிய அணித் தலைவிக்குத் தாகம் எடுத்தால் டொமஸ்டிக் கூட்டத்தின் பின்னால் நழுவி டீம் காருக்கு வர வேண்டும். அரை லிட்டர் பாட்டில்கள் ஆறேழு வாங்கி, முதுகுப் பைகளிலும் ஜெர்சிக் கழுத்துக்குள்ளும் செருக வேண்டும். மூன்று கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. அதோடு நூறு பேரைத் தாண்டி மறுபடி முன்னால் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து முன்னால் யாராவது வேகத்தைக் கூட்டினால், பாட்டிலோடு அவர் பின்னாலேயே தொங்கிவிடுவார்.

முன்னால் ஓட்டுபவர் காற்றைத் தடுப்பதால்தான் பின்னால் வருபவருக்குப் பாதுகாப்பு. பக்கக் காற்று வீசினால் அது நேர் பின்னால் இருக்காது, சாய்வாகத்தான் கிடைக்கும். சாலையின் அகலத்துக்கு எத்தனை பேர் சாய்ந்து நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் ஓரத்தில் ஒற்றை வரிசையில் காற்றைத் தின்றுகொண்டு அறுந்துபோவார்கள். தலைவியை அந்த முதல் சாய்வுக்குள் தள்ளிவிட்டுத் தான் ஓரத்தில் நிற்பவர் டொமஸ்டிக். தலைவிக்குப் பஞ்சர் ஆனால், டிஸ்க் பிரேக் வந்த பிறகு சக்கரம் மாற்ற நேரம் பிடிக்கிறது. கார் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தால் சீட் உயரம் ஒத்துவருகிற தோழி தன் சைக்கிளையே கொடுத்துவிட்டு சாலையோரம் நிற்பார். கடைசி ஏற்றம் வருவதற்குள் காலில் ஒன்றும் மிச்சமிருக்காது. முடிவுத்தாளில் 94-வது இடம், இல்லையென்றால் "முடிக்கவில்லை". நீங்கள் பார்த்தது அந்தத் தாளை மட்டும்தான்.

பெண்கள் பந்தயத்தில் இது இன்னும் கடினம். பெரும்பாலான ஒருநாள் பந்தயங்களில் அணிக்கு ஆறு பேர்தான், ஆண்களுக்கு ஏழு. தலைவியைக் கழித்தால் ஐந்து பேர். ஒருவர் விழுந்தால் அவர் சுமையும் மற்ற நால்வர் தலையில்தான்.

வெற்றிதானே கணக்கு என்கிறவர்கள் 2024-இன் பெண்கள் டூர் டி பிரான்ஸை எடுத்துப் பாருங்கள். பல ஸ்டேஜ்களின் நேரத்தைக் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே டூர். ஐந்தாவது ஸ்டேஜ், அம்னேவில். மொத்த நேரத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த டெமி வோலரிங் முடிவுக்கு ஆறு கிலோமீட்டர் சுமாரில் விழுந்தார். அன்று ஸ்டேஜை ஜெயித்தது அவருடைய அணியின் பிளாங்கா வாஸ். வோலரிங் இழந்தது 1 நிமிடம் 47 விநாடி. கடைசி நாள், முதலிடத்துக்கு வந்துவிட்ட கசியா நியெவியாடோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கிய நிலையில் புறப்பட்டு, ஆல்ப் துவெஸ் மலையில் ஸ்டேஜை ஜெயித்து, அவரை 1 நிமிடம் 1 விநாடி பின்தள்ளி, 10 விநாடி போனஸும் வாங்கினார். டூரை இழந்தது 4 விநாடியில். வாஸ் மேல் குற்றம் சொல்லவில்லை. அம்னேவிலில் இரண்டு பேர் நின்று வோலரிங்கை இழுத்துவந்திருந்தால் அந்த 4 விநாடி மீண்டிருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். உங்கள் கணக்கில் அன்று அந்த அணிக்கு ஒரு வெற்றி. டூர் போனது எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது?

உடனே டோக்கியோவைச் சொல்வீர்கள். 2021 ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் அணியே இல்லாமல் தனியாக ஜெயித்தாரே என்று. ஜெயித்தார், மகத்தான ஓட்டம். ஆனால் துரத்த வேண்டிய நெதர்லாந்து அணியில் நான்கு பேருமே ஜெயிக்க வந்தவர்கள். முன்னால் யார் போகிறார் என்று சொல்லக் காதில் ரேடியோவும் இல்லை. 75 விநாடி கழித்து இரண்டாவதாக வந்த அந்த அணியின் ஃபான் ஃப்ளூட்டன் தங்கம் தனக்கென்று நினைத்துக் கையை உயர்த்தினார். உழைக்க ஆளில்லாத அணிக்கு என்ன ஆகும் என்பதைத்தான் அந்தப் பந்தயம் காட்டியது.

சம்பளம் வாங்குகிறார்களே, பிறகென்ன என்று ஒருவர் எழுதியிருந்தார். எப்போதிலிருந்து, எவ்வளவு என்று தெரியுமா? உச்சநிலைத் தொழில்முறை அணிகளில் பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒன்று வந்ததே 2020-இல்தான். அதுவும் ஆண்டுக்கு 15,000 யூரோ. பிறகு கூடியது, உண்மைதான். 2021-இல், கல்பாவிய கரடுமுரடான சாலைகளில் நடக்கும் பாரி-ரூபேயின் முதல் பெண்கள் பந்தயத்தை லிஸ்ஸி டீக்னன் 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டி ஜெயித்தபோது கைப்பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. அதிகாரப்பூர்வப் பரிசு 1,535 யூரோ. ஆண்களில் முதல்வருக்கு 30,000. அந்த டீக்னனே பின்னாளில் பெரும்பாலும் தோழிகளுக்காகத்தான் ஓட்டினார். அந்த வருஷங்களையும் வீண் என்பீர்களா?

இதில் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ தரும் புள்ளிகள் முடித்த இடத்துக்குத்தான் கிடைக்கும். பாட்டில் சுமந்ததற்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஒப்பந்தம் முடிகிற வருஷத்தில் டொமஸ்டிக்குக்குக் காட்ட எண் இருக்காது, தலைவி சொல்கிற ஒரு நல்ல வார்த்தைதான் இருக்கும். அந்த வார்த்தையை நம்பி அடுத்த சீசனைக் கேட்டு நிற்கிறவரைப் பார்த்துத்தான் நீங்கள் சிரித்தீர்கள்.