முதுகைக் காட்டி ஒரு இன்ட்ரோ

'காட்ஃபாதர்' (1972) என்ற மாஃபியா படத்தின் பேச்சு வந்தாலே எல்லோரும் வசனத்தைத்தான் எடுத்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. அந்த முதல் காட்சி நிற்பதே யாரை எங்கே உட்காரவைத்தார்கள், யாரை எப்போது காட்டினார்கள் என்பதில்தான். நம்பாவிட்டால் மியூட் போட்டுப் பாருங்கள். யார் கெஞ்சுகிறார், யார் கையில் அதிகாரம் என்பது அப்போதும் புரியும்.

திரை கருப்பு. அமெரிக்காவை நம்புவதாக ஒரு குரல். பிறகு ஒரு முகம்: வழுக்கை, மீசை, பின்னால் ஒன்றுமே தெரியாத இருட்டு. போனசேரா, இறுதிச் சடங்கு நிலையம் நடத்துபவர். மகளை இரண்டு பையன்கள் அடித்து நொறுக்கிவிட்டார்கள். கோர்ட் தண்டனையை நிறுத்திவைத்து அன்றைக்கே அவர்களை வெளியே விட்டுவிட்டது. இதையெல்லாம் அவர் நேராக நம்மிடமே முறையிடுவதுபோல் இருக்கும். நாம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமோ என்றுகூடத் தோன்றும்.

அதற்குள் ஃப்ரேம் விரிய ஆரம்பித்திருக்கும். கேமரா நகரவில்லை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கிய லென்ஸ் கிட்டத்தட்ட 3 நிமிடம் நிதானமாக ஜூம் அவுட் ஆகிறது. டிராலியில் பின்னால் போயிருந்தால் நாம் விலகிப்போவதுபோல் இருந்திருக்கும். இங்கே நாம் அசையவே இல்லை, அந்த மனிதர்தான் சிறுத்துக்கொண்டே போகிறார். ஓரத்தில் மங்கலாக ஒரு தலை, ஒரு தோள். அட, இவ்வளவு நேரமும் நாம் வேறொருவருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்! போனசேரா உடைந்து அழும்போது முன்னால் இருக்கும் அந்தக் கை லேசாக அசையும். உடனே ஒருவர் வந்து கிளாஸை நீட்டுவார். அந்த வீட்டில் யார் சொன்னால் நடக்கும் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

நம் ஊர் மாஸ் இன்ட்ரோவும் முகத்தை மறைக்கிற வித்தைதான். முதலில் ஷூ, அப்புறம் காப்பு போட்ட கை, கடைசியில் ஸ்லோமோஷனில் முகம். (விசிலடித்தவர்களில் நானும் உண்டு.) ஆனால் அதில் 'இதோ வர்றார்' என்று பின்னணி இசை தண்டோரா போட்டுவிடும். காட்ஃபாதரின் இயக்குநர் கப்போலா, டான் என்கிற மாஃபியா தலைவரை மறைத்து வைத்திருப்பதே தெரியாமல் மறைக்கிறார்.

இதே கப்போலா எழுத்தில் பங்கேற்ற 'பேட்டன்' (1970) நேர் எதிர். திரை முழுக்க அமெரிக்கக் கொடி, கீழேயிருந்து பொடியாக ஏறிவரும் ஒரு ஜெனரல், நம் முகத்தைப் பார்த்தே ஒரு பிரசங்கம். காட்ஃபாதர் திரைக்கதையைக் கப்போலா முதலில் டான் மகளின் கல்யாணத்திலிருந்துதான் ஆரம்பித்திருந்தார். பேட்டனின் தொடக்கத்தை ரசித்த ஒரு நண்பர், இதையும் அப்படி வித்தியாசமாக ஆரம்பிக்கலாமே என்று சொன்ன பிறகுதான் மாற்றினார்.

அப்புறம் ஒளி. ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் விளக்குகளைத் தலைக்கு மேலே வைத்தார். டானாக நடித்த பிராண்டோவின் வயதான மேக்கப்புக்கும் அதுதான் பொருந்தியது. விளைவு, கண்கள் குழிக்குள் போய்விட்டன. இந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று போனசேராவுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மடியில் இருக்கும் பூனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

பூனையைவிட மேஜையைக் கவனியுங்கள். என்ன வேண்டும் என்று கேட்டதும் போனசேரா எழுந்து, சுற்றிவந்து, டான் காதில் கிசுகிசுக்கிறார். நமக்குக் கேட்காது. அதன் பிறகுதான் டானின் முகத்துக்கே கட். எவ்வளவு பணம் தர வேண்டும் என்று போனசேரா கேட்டது எடுபடவில்லை. கடைசியில் குனிந்து கையில் முத்தமிட்ட பிறகுதான் வேலை முடிகிறது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவரை அந்தக் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மொத்தக் காட்சியும்.

அடுத்து, கண் கூசுகிற வெயிலில் கல்யாணம். இது முதலில் வந்திருந்தால் வெறும் கல்யாண வீடு. இருட்டறைக்குப் பிறகு வருவதால், ஒவ்வொரு விருந்தாளியும் ஆடும்போது இவர் என்ன கேட்டு வந்திருப்பாரோ என்றுதான் புத்தி போகிறது. இப்போது வரும் பல படங்களில் ட்ரோன் ஷாட்டும் வாய்ஸ் ஓவரும் பத்து நிமிடம் ஊர் வரலாறு சொல்லியும் இந்தச் சந்தேகத்தில் கால்வாசிகூட வருவதில்லை.

பார்க்காதவர்கள் தயவுசெய்து பகலில், போனில் பார்க்காதீர்கள். பாதி ஃப்ரேம் கருப்பு, உங்கள் முகம்தான் தெரியும்.