பிள்ளைக்கு என்ன புத்தகம் என்று நூலகரிடம் கேளுங்கள்

கோடை விடுமுறை வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் 'குழந்தைகள் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். ஐந்து வயதுக்கு இது, எட்டு வயதுக்கு இது, பத்து வயதுக்கு இது. தயாரித்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது. பக்கத்துத் தெருக் கிளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் நூலகருக்குத் தெரியும். இன்றைக்குத் தெரியாவிட்டாலும், பிள்ளை நாலு தடவை போய் வந்தால் தெரிந்துகொள்வார்.

எந்தப் பிள்ளை எடுத்துப்போன புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்தது, எது தவணை தாண்டியும் திரும்பவில்லை, எதை நாலு பேர் மாறிமாறிக் கேட்கிறார்கள், எது வந்த நாளிலிருந்து யாரும் தொடாமல் கிடக்கிறது என்பதெல்லாம் தினமும் அவர் மேசையில்தான் நடக்கிறது. பள்ளி ஆசிரியருக்குக்கூட இது இந்த அளவுக்குத் தெரியாது. ஆசிரியரிடம் பிள்ளை படித்ததாகச் சொல்லும். நூலக மேசையில் அந்த அவசியம் இல்லை, பரீட்சை கிடையாதே.

எங்கள் ஈரோட்டுப் பக்கக் கிளை நூலகத்தில் இருக்கும் மேடம் பிள்ளைகளிடம் 'என்ன புத்தகம் பிடிக்கும்' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். அவர் கேட்பது வேறு: "கண்ணு, போன தடவை எடுத்ததுல எதைப் பாதியிலயே வெச்சுட்டே?" ஒரு பையன், "ராஜா கதைங்க மேடம். ராஜா பேசிக்கிட்டே இருக்காரு, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றான். உடனே அடுத்த ரேக்கிலிருந்து காட்டு விலங்குகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற அப்பா, "ஜிகே புக் ஏதாவது இருந்தா குடுங்க மேடம்" என்றார். "அதுவும் எடுத்துக்கங்க சார், இது அவனுக்கு" என்று இரண்டையும் பதிந்து கொடுத்தார். பரிந்துரை என்று நான் சொல்வது இதைத்தான்.

புத்தகமும் பிள்ளையும் பொருந்துவதற்கு நேரம் காலம் உண்டு. கீழடிக்குச் சுற்றுலா போய்விட்டு வந்த பிள்ளைக்கு, கீழடியை வைத்து உதயசங்கர் எழுதி 2023-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற 'ஆதனின் பொம்மை'யை அந்த வாரமே கொடுத்தால் ஒரே மூச்சில் படித்துவிடும். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தால் அது இன்னொரு புத்தகம், அவ்வளவுதான். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-ல் அதே விருது பெற்றது. தவறான தொடுகையைப் பற்றிக் குழந்தைகளிடமே பேசும் கதை. அதை எந்தப் பிள்ளையிடம் எப்போது கொடுப்பது, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுப்பதா, எதுவும் சொல்லாமல் கண்ணில் படும்படி வைப்பதா என்று யோசிக்க ஒரு மனிதர் வேண்டும். வயதுப் பட்டியல் இதை யோசிக்காது.

இந்த எண்ணத்துக்கு நம் மண்ணிலேயே பழைய வேர் இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர் க்ராய்டன் நூலகத்தில் வேலை பழகினார். அங்கே தலைமை நூலகராக இருந்த பெர்விக் சேயர்ஸ், குழந்தைகளுக்கான நூலகம் எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எழுதியவர். 1931-ல் ரங்கநாதன் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் இரண்டு இப்படி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டையும் யார் நிறைவேற்றுவது? அலமாரி தானாக நிறைவேற்றாது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்ததும் அவருடைய உழைப்பால்தான்.

அந்தச் சட்டத்தின் பலனாக இன்று தமிழ்நாட்டில் 4,000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. ஆனால் குழந்தைகள் பகுதிக்கு எந்தப் புத்தகம் வர வேண்டும் என்பதில் கிளை நூலகரின் குரல் மிகவும் சன்னம். பதிப்பாளர்கள் 'லைப்ரரி ஆர்டர்' என்று சொல்கிறார்களே, அந்த மொத்தக் கொள்முதலில் மேலிருந்து வருவதைத்தான் பெரும்பாலும் அவர் அடுக்கி வைக்கிறார். பல ஊர்களில் நூலகத்தைத் திறப்பது, செய்தித்தாள் எடுத்து வைப்பது, உறுப்பினர் சேர்ப்பது, பதிவேடு எழுதுவது எல்லாமே ஒரே ஆள். சிலருக்குப் பக்கத்து ஊர் நூலகமும் கூடுதல் பொறுப்பு. மேசை நாற்காலி எல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் இருக்கும். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் அமைதியான வேறு இடம் கிடையாது. ஆனால் சத்தம் போட்டுச் சிரிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அங்கே இடம் எங்கே?

அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் மதுரையில் திறந்த கலைஞர் நூலகத்திலும் குழந்தைகள் பகுதி கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. மனசார மகிழ்ச்சி. எங்கள் ஊர்ப் பிள்ளை வாராவாரம் அங்கே போக முடியாது. அவனுக்குக் கண்ணாடி மாளிகை தேவையில்லை. முகம் தெரிந்த நூலகர், அட்டை வெளியே தெரியும்படி புத்தகங்களை நிறுத்தி வைத்த ஒரே ஒரு ரேக், ஒவ்வொன்றிலும் நூலகர் கைப்பட எழுதிய இரண்டு வரி இருந்தால் போதும். 'பேய்க்குப் பயப்படாதவங்க எடுங்க' என்று எழுதியிருந்தால் எந்தப் பிள்ளையின் கை சும்மா இருக்கும்?

நூலக வரியில் ஒரு சிறு பங்கையாவது, ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து நூலகரே புத்தகம் வாங்குவதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடவே வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்குப் பதிவேட்டு வேலையிலிருந்து விடுதலை வேண்டும், பிள்ளைகளோடு பேசுவதற்காக. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்புத் திறனை வைத்துப் புத்தகங்களைப் பிரித்திருக்கிறார்கள். எத்தனையாம் வகுப்பு என்பதைவிட அது எவ்வளவோ நியாயமான அளவு. அந்தப் பிரிவுகள் கிளை நூலகத்தின் குழந்தைகள் ரேக்கிலும் இருந்தால் நூலகரின் வேலை பாதி சுலபமாகும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. மேசைக்கு முன்னால் பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் பேசாதீர்கள். 'நீதிக் கதை கொடுங்க', 'இங்கிலீஷ் வளர்ற மாதிரி கொடுங்க' என்று நீங்கள் ஆரம்பித்தால் நூலகர் வேறென்ன செய்வார், அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். பிள்ளை பேரில் தனியாக உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். படக்கதை எடுத்தால் எடுக்கட்டும். எடுத்ததையே மறுபடி எடுத்தாலும் விடுங்கள். பாதியில் திருப்பிக் கொடுத்தால் காரணத்தை நூலகரிடம் அதுவே சொல்லட்டும். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அந்தக் காரணம் வேண்டும்.

அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தில் 'நூலகர் பரிந்துரை' ரேக் ஒன்று வேண்டும் என்று கேட்கப் போகிறேன். ரேக் செய்ய ஆகும் செலவை வட்டத்து நண்பர்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகத்திலும் வாசகர் வட்டம் இருக்கும், விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் பிள்ளையோடு போங்கள்.