மரத்துக்குக் காசு உண்டு, மண்ணுக்குக் கிடையாதா?

போன வாரம் சித்தியைச் சென்னைக்கு வழியனுப்ப கே.எல்.ஐ.ஏ., அதாவது கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். டெங்கில் பலகையைப் பார்த்ததும், "இந்தப் பக்கம் ஒராங் அஸ்லி கம்பம் இருக்கு, பூர்வகுடிகளோட கிராமம்" என்றேன். பின்சீட்டிலிருந்து மகன், "அவங்களும் பூமிபுத்ராதானேப்பா, மண்ணின் மைந்தர் சலுகை எல்லாம் இருக்குமே, அவங்களுக்கு என்ன குறை?" என்றான்.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்மில் பாதிப் பேரின் நினைப்பு அதுதான். மலேசிய அரசியலமைப்பில் சிறப்பு நிலையைப் பற்றிப் பேசும் 153ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். மலாய்க்காரர்களும் சபா, சரவாக் பூர்வகுடிகளும் அதில் இருக்கிறார்கள், தீபகற்பத்தின் ஒராங் அஸ்லி இல்லை. 'அஸ்லி' என்றால் அசல் என்று பொருள். சரி, பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்!

டெங்கில் கதையைக் காரிலேயே சொன்னேன். 1995இல் விமான நிலையத்துக்கான நெடுஞ்சாலைக்காக புக்கிட் தம்போயில் ஒராங் அஸ்லியில் ஒரு பிரிவான தெமுவான் மக்களின் பூர்வீக நிலம் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. வெளியேற 14 நாள் அவகாசம். மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் இழப்பீடு கொடுத்தார்கள். மண்ணுக்கு ஒரு காசு இல்லை, ஏனென்றால் அது அவர்களுடையதே இல்லையாம். சாகோங் தாசியும் அவருடைய உறவுகளும் வழக்குப் போட்டார்கள். வழிவழியாக வாழ்ந்த நிலம் அவர்களுக்கே சொந்தம் என்று 2002இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். 2010இல்தான் 65 லட்சம் ரிங்கிட்டுக்கு விவகாரம் முடிந்தது. 15 வருஷம்! அந்தச் சாலையில்தான் நாம் ஏர்கான் போட்டுக்கொண்டு போய்வருகிறோம்.

வழக்கில் ஜெயித்தார்களே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். தீர்ப்பு வந்தது, சட்டம் மாறவில்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம், 8ஆவது பிரிவு: குடியிருப்பு உரிமை பெற்றவர்கூட, உரிமையாளர் நினைத்தால் கிளப்பிவிடக்கூடிய வாடகைக்காரரை விட மேலானவர் அல்ல. அந்த வரியைப் படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தது. தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது, லயத்து வாசலில் அவர் நட்ட பலாவுக்கு என்ன தருவீர்கள் என்று கிராணியிடம் கேட்டாராம். நமக்கு அது ஒரு தலைமுறைக் காயம். அவர்களுக்கு எத்தனை தலைமுறை? ஆனால் அதே தோட்டத்தில் அவர்களை 'சாக்காய்' என்று இளக்காரமாகச் சொன்னதும் நம் ஆட்கள்தான். அதையும் மறைக்க வேண்டாம்.

அரசாங்கத்திடம் கேட்டால் பந்து உருளும். நிலம் மாநில அதிகாரம் என்பார் கூட்டரசு அமைச்சர். ஒராங் அஸ்லி நலன் கூட்டரசுப் பொறுப்பு என்பார் மாநில முதல்வரான மந்திரி பெசார். இதற்கிடையில் மரம் வெட்ட அனுமதி மட்டும் தடையில்லாமல் கிடைக்கிறது. 2007இல் ஐ.நா.வில் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்த 144 நாடுகளில் நம் நாடும் ஒன்று. 2013இல் நம் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், பூர்வகுடிகளின் நில உரிமை பற்றித் தேசிய விசாரணை நடத்தி 18 பரிந்துரைகள் கொடுத்தது. சட்டத்தைத் திருத்தப்போகிறோம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

2021இல் கோல லங்காட் உத்தாரா காட்டின் ஒரு பகுதிக்கு இருந்த பாதுகாப்புத் தகுதியைச் சிலாங்கூர் மாநில அரசு நீக்கியது. அங்கும் அருகில் தெமுவான் கம்பங்கள் உண்டு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே முடிவை மாற்றிக்கொண்டது. ஆக, சத்தம் போட்டால் அரசாங்கத்துக்குக் காது கேட்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த 8ஆவது பிரிவின் வாடகைக்காரர் வரியை நீக்குங்கள். கம்பத்து எல்லையை அந்த மக்களோடு சேர்ந்து அளந்து அரசிதழில் போடுங்கள். அளந்து முடியும்வரை புதிய மரம்வெட்டு அனுமதி வேண்டாம். உலகப் பூர்வகுடிகள் நாளான ஆகஸ்ட் 9 அன்று தலையில் ஓலைக் கிரீடம் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போகிறேன். மகனும் வருகிறான். பத்துமலைப் பக்கம் இருப்பவர்கள் வருவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.